பழைய யுவராஜ் 215: விற்றால் எவ்வளவு, வாங்கினால் எவ்வளவு?

தென்னந்தோப்பு, வாழைத் தோட்டம், திராட்சைப் பந்தல் போன்ற இடுக்கான இடங்களுக்கென்று வாங்கப்பட்ட சிறிய டிராக்டர்கள், பத்து ஆண்டு உழைத்த பிறகு விற்பனைக்கு வருவது பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கங்களில் இப்போது வழக்கமாகிவிட்டது. அவற்றுள் என் கண்ணில் அதிகம் படுவது மஹிந்திரா யுவராஜ் 215. புது வண்டியைப் பற்றிய மதிப்புரைகள் எத்தனையோ கிடைக்கின்றன. பழைய வண்டிக்கு விற்பவர் எவ்வளவு கேட்கலாம், வாங்குபவர் எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்கோடு சொல்பவர்கள் குறைவு. ஆகவே இந்த வண்டியைப் பழைய வண்டியாகவே எடுத்துக்கொண்டு மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புன்செய்த் தோப்பில் உழைத்த யுவராஜ் 215 நம்பி வாங்கத்தக்க வண்டி. ஆனால் அதன் விலையை மாடல் ஆண்டைக் கொண்டு முடிவு செய்வது தவறு. அடுத்த பட்டத்து உழவுக்கு அதை இறக்க இன்னும் எவ்வளவு செலவாகும் என்பதே அதன் விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் வண்டியின் தன்மை. 15 குதிரைத்திறன், தண்ணீரால் குளிரூட்டப்படும் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், 863.5 சிசி, முன்னே 6 கியர், பின்னே 3 கியர், ஹைட்ராலிக் லிஃப்ட் 778 கிலோ வரை தூக்கும். இந்த எண்களைப் பெரிய டிராக்டரோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் 25 அடி இடைவெளியில் நட்ட தென்னைக்கு நடுவே கோகோ, ஜாதிக்காய், வாழை என்று ஊடுபயிர் வைத்த தோப்பில் 45 குதிரைத்திறன் வண்டியைத் திருப்ப முடியாது. திருப்பினால் ஏதாவது ஒரு கோகோக் கிளை முறியும், அல்லது சொட்டுநீர்க் குழாய் நசுங்கும். தென்னையின் வேர் மேலாகவே ஓடுவதால் அங்கே ஆழ உழவும் தேவையில்லை. களையை மடக்கி, மேல் மண்ணைக் கிளறிவிட்டால் போதும். அந்த அளவு வேலையை யுவராஜ் குறைவான டீசலில் சிரமமில்லாமல் முடித்துவிடும். தாழ்ந்து நிற்கும் மட்டைகளுக்குக் கீழேயும் ஓட்டுநர் தலையைக் குனிந்தால் வண்டி நுழைந்துவிடும்.

குறைகளும் அந்த வடிவத்திலேயே இருக்கின்றன. இரண்டு சக்கர இழுவை என்பதால் ஈரம் மிகுந்த களிமண்ணில் பின்சக்கரம் வழுக்கும். டிரெய்லரில் தேங்காய் ஏற்றி மேட்டில் இழுக்கும்போது முன்பக்கம் லேசாகிவிடும். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் அதிர்வு அதிகம். அந்த அதிர்வு பத்து ஆண்டுகளில் போல்ட்டுகளைத் தளர்த்தும், மட்கார்டு தாங்கிகளில் கீறல் விடவைக்கும், பேட்டரிப் பெட்டியின் அடித்தகட்டை அரிக்கும். இவற்றை வண்டியின் குறை என்று சொல்வதைவிட, அந்த வகை எஞ்சினின் இயல்பு என்று சொல்வதே முறை. ஆனால் பழைய வண்டியை மதிப்பிடும்போது இந்த இயல்பு எவ்வளவு தூரம் வேலை செய்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

இனி விலை. பழைய டிராக்டருக்கு விலை எப்படி உருவாகிறது என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று வழிகளைச் சொல்வார்கள், மூன்றுமே அரைகுறையானவை. இணைய விளம்பரங்களில் காண்பது கேட்கும் விலையே தவிர, முடிந்த விலை அன்று. ஒரே வண்டியின் விளம்பரம் மாதக்கணக்கில் கிடந்தால், அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்று பொருள். அந்தத் தொகையை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். புரோக்கர் சொல்லும் விலையில் அவருடைய கமிஷன் இரு பக்கமும் ஒளிந்திருக்கும். “சிங்கிள் ஓனர் வண்டிங்க, ஒரே கையில ஓடுனது, வண்டி சுத்தமுங்க” என்ற வாசகத்தை எல்லா வண்டிக்கும் சொல்வார்கள். ஓட்டுநரை மாற்றி மாற்றி வாடகைக்கு ஓடிய வண்டியும் ஆவணத்தில் ஒரே உரிமையாளரின் வண்டிதான்.

மூன்றாவது வழி, காப்பீட்டு ஆவணத்தில் உள்ள ஐடிவி என்னும் மதிப்பு. காப்பீட்டு விதிப்படி வண்டியின் மதிப்பை 6 மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 சதவீதம் என்று குறைத்துக்கொண்டே வருவார்கள். ஐந்தாண்டைத் தாண்டிய வண்டிக்கு அட்டவணை கிடையாது. நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். அதாவது நமக்கு எந்த வயது வண்டிக்கு விலை தெரிய வேண்டியிருக்கிறதோ, அந்த இடத்தில் அட்டவணை கையை விரித்துவிடுகிறது. தவிர, காருக்கும் டிராக்டருக்கும் ஒரே அளவுகோலை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கார் பழசானால் அழகும் மோகமும் போவதால் விலை இறங்கும். டிராக்டர் மண்ணை உழும் வரை அதற்கு விலை உண்டு.

2025 செப்டம்பர் 22 முதல் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், டிராக்டர் டயர், உதிரி பாகங்களுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் குறைக்கப்பட்டன. வரி சேர்க்காத விலை 3,00,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முன்பு 3,36,000 ஆக இருந்த புது வண்டி இப்போது 3,15,000 ஆகிறது. 21,000 ரூபாய் குறைவு. புது வண்டி இறங்கினால் பழைய வண்டியும் அந்த விகிதத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் விற்பவர்கள் பலர் இன்னமும் தாங்கள் வாங்கிய காலத்து விலையையும், வரிக் குறைப்புக்கு முந்தைய பட்டத்தில் பக்கத்துத் தோட்டத்து வண்டி போன விலையையுமே மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். வாங்கப் போகிறவர் முதலில் அன்றைய தேதியில் புது வண்டியின் விலைப்பட்டியலை ஷோரூமில் எழுதி வாங்கிக்கொண்டு போவது நல்லது. இதில் ஆறுதலான பக்கமும் உண்டு: டயரும் உதிரி பாகமும் மலிந்ததால் பழைய வண்டியைச் சரிசெய்யும் செலவும் குறைந்திருக்கிறது. ஆக, நல்ல நிலையில் உள்ள பழைய வண்டியின் விலை அதிகமாக இறங்கும், வேலை வைத்திருக்கும் வண்டியின் விலை சற்றுக் குறைவாகவே இறங்கும் என்பது என் கணிப்பு.

எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் ஹவர் மீட்டரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பேரம் முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது. கேபிள் வழியாக ஓடும் பழைய வகை மீட்டர், எஞ்சின் தன் முழு வேலைச் சுற்றில் ஓடும்போதுதான் ஒரு மணி நேரத்தை ஒரு மணியாகக் காட்டும். மெதுவாக ஓடிய நேரத்தைக் குறைத்தே காட்டும். கேபிள் அறுந்தால் எண் அப்படியே நின்றுவிடும், அறுந்ததை மாற்ற யாருக்கும் அவசரம் இருக்காது. எனவே எண்ணை நம்புவதற்கு முன் அது சாத்தியமா என்று கணக்கிட வேண்டும். பத்து ஆண்டு வண்டியில் 1,400 மணி என்றால் ஆண்டுக்கு 140 மணி. ஐந்தாறு ஏக்கர் சொந்தத் தோப்பை மட்டும் உழுதவருக்கு அது பொருந்தும்; அதே ஆள் பக்கத்து ஊர் வரை வாடகைக்கு ரோட்டவேட்டர் ஓட்டினார் என்று டீக்கடையில் தெரியவந்தால் பொருந்தாது.

மீட்டர் சொல்லாததை வண்டியின் உடம்பு சொல்லும். ஆனைமலைக்கு அருகே ஒரு தோப்பில் சென்ற ஆண்டு நான் பார்த்த வண்டியில் மீட்டர் ஆயிரத்துச் சொச்சம் காட்டியது. பெயின்ட் புத்தம் புதிது. கிளட்ச் மிதியின் ரப்பர் முழுவதுமாகத் தேய்ந்து இரும்பு பளபளத்தது. பிரேக் மிதியில் அவ்வளவு தேய்மானம் இல்லை. பின்னால் குனிந்து, கருவி மாட்டும் கையான லோயர் லிங்க்கின் உருண்டையைப் பிடித்து ஆட்டினால் குழியில் லொடலொடவென்று ஆடியது. டிரெய்லர் கொக்கி மாட்டும் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகியிருந்தது. உழவுக்கு மட்டும் ஓடிய வண்டியில் அந்தத் துளை இப்படி ஆகாது. சுமையை நிறுத்தி நிறுத்தி இழுத்திருக்கிறார்கள். மட்கார்டின் உட்புறத்தில், டயர் தொடவே முடியாத உயரத்தில், வரிவரியாக இரும்பு உரசிய தழும்புகள். அது கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றுழவு ஓட்டியதன் அடையாளம். தோப்பு வண்டி என்று சொல்லி விற்கப்பட்ட அது, நெல் வயலிலும் செங்கல் சூளைச் சாலையிலும் பாதி வாழ்நாளைக் கழித்திருந்தது. விற்பவர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவருக்கு முந்தைய கைகள் என்ன செய்தன என்பது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

சேற்றுழவு ஓடியது ஏன் விலையைக் குறைக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். சேற்று நீர் முன்சக்கர ஹப், பின் ஆக்சில் ஆயில் சீல், பிரேக் ஆகிய மூன்று இடங்களுக்கும் எமன். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங்கின் நிலையும், கிங் பின், புஷ் தேய்மானமும் கையிலேயே தெரிந்துவிடும். பின்சக்கர டிஸ்க்கின் உட்புறம் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தால் சீல் போய்விட்டது. அந்த எண்ணெய் பிரேக்கிலும் இறங்கியிருக்கும். இந்தப் பிசுக்கை மறைப்பதற்குத்தான் பெரும்பாலும் வாட்டர் சர்வீஸும் புதுப் பெயின்ட்டும். ரப்பர் ஹோஸ்களின் மீதும், நம்பர் பிளேட்டின் ஓரத்திலும், போல்ட் தலைகளின் மீதும் பெயின்ட் தெறித்திருக்கிற வண்டியைவிட, புழுதியோடு நிற்கிற வண்டிக்கே நான் கூடுதல் விலை கொடுப்பேன். விற்க நினைப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்: பெயின்ட்டுக்கும் டிங்கரிங்குக்கும் செலவழித்த பணம் விலையில் திரும்பி வருவதில்லை, சர்வீஸ் பில்களை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தால் வரும்.

எஞ்சினைச் சோதிக்கும்போது, நாம் போய்ச் சேர்வதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சேர்ந்ததும் முதலில் எஞ்சின் மீது கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிரமம் இருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் வரும் வெள்ளைப் புகை சிறிது நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. நீலம் கலந்த புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சுமை கொடுக்கும்போது கரும்புகை மிகுந்தால் நாசிலையும் ஏர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். அது சிறிய செலவு. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளியே தள்ளினால், மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். இந்த இடத்தில் ஒற்றை சிலிண்டருக்கு ஓர் அனுகூலம் உண்டு. மாற்ற வேண்டியது ஒரு லைனர், ஒரு பிஸ்டன், ஒரு நாசில். மூன்று சிலிண்டர் வண்டியில் அதே வேலைக்கு எல்லாம் மும்மடங்கு. ஆகவே எஞ்சின் வேலை இருக்கிறது என்பதற்காக யுவராஜை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டால் போதும்.

ரேடியேட்டர் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, டிப் ஸ்டிக்கில் உள்ள ஆயில் மோர் நிறத்தில் இருந்தாலோ, அதற்குப் பிறகு விலை பேசாமல் திரும்பிவிடுவது நல்லது. தென்னை மட்டைத் தூளும் காய்ந்த புல்லும் ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையே அடைத்துக்கொள்வது தோப்பு வண்டிகளின் வாடிக்கை; அதைச் சுத்தம் செய்யாமல் ஓட்டியவர்கள் எஞ்சினைச் சூடேற்றியே ஓட்டியிருப்பார்கள்.

கிளட்ச்சையும் லிஃப்ட்டையும் சோதிக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரேக்கை இறுக மிதித்துக்கொண்டு, உயர் கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டால் எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. லிஃப்ட்டில் ரோட்டவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு டீ குடித்து முடிக்கும் வரை பேசிக்கொண்டிருங்கள். திரும்பிப் பார்க்கும்போது அது தரையில் உட்கார்ந்திருந்தால் லிஃப்ட் சிலிண்டரின் ஓ-ரிங்கோ வால்வோ போயிருக்கிறது. கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டான பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் பற்களையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முனை கூராகத் தேய்ந்திருந்தால், ரோட்டவேட்டரிலேயே காலம் முழுவதும் ஓடிய வண்டி அது.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 2015 மாடல் வண்டியில் 2015 டயரே இன்னும் பாதிப் பட்டனோடு இருந்தால் மீட்டர் சொல்லும் குறைந்த மணிக்கணக்கை நம்பலாம். 2021 டயர் மொட்டையாக இருந்தால் நம்ப வேண்டாம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கீழே உள்ள எண்கள் முறையை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். புது வண்டி, பதிவும் காப்பீடும் சேர்த்து, 3,40,000 ரூபாய் என்போம். பத்து ஆண்டு ஓடிய, வேலை எதுவும் வைக்காத வண்டிக்கு நான் பாதிக்கு மேல் தொடங்குவதில்லை, அது 1,70,000. இதிலிருந்து பின் டயர் ஒரு ஜோடிக்கு 16,000, கிளட்ச் பிளேட்டும் கூலியும் 9,000, பேட்டரி 5,000, லிஃப்ட் வேலை 4,000 என்று 34,000 கழித்தால் 1,36,000 வருகிறது. இது நான் தாண்டக் கூடாத எல்லை. வண்டியைப் பிரித்த பிறகே தெரியவரும் செலவு என்று ஒன்று எப்போதும் உண்டு. அதற்கு ஒரு 10,000-ஐ ஒதுக்கிக்கொண்டு, பேரத்தை 1,20,000-க்குச் சற்று முன்பின்னாகத் தொடங்குவேன். விற்பவர் 1,75,000 கேட்டிருந்தால், இந்தக் கழிவுகளை ஒவ்வொன்றாக வண்டியில் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும். மொத்தமாக “விலை ஜாஸ்தி” என்று சொல்பவரிடம் எவரும் இறங்கி வருவதில்லை. “இந்த சீல் ஒழுகுதுங்க, இதுக்கு மெக்கானிக்கு இவ்வளவு கேக்கறாருங்க” என்றால் பேச்சு நகரும். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய், அவருக்கு அரை நாள் கூலி கொடுப்பது வீண் செலவாகாது. ஆனால் அவர் புரோக்கரின் ஆளாக இருக்கக் கூடாது.

காலத்துக்கும் விலை உண்டு. ஆடிப் பட்டத்துக்கு முன்னும், வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசிக்கு முன்னும் கேட்பவர்கள் கூடுவார்கள். மாசி, பங்குனியில் வண்டி சும்மா நிற்கும், விற்பவருக்கும் பணத்தேவை இருக்கும். வாங்குபவர் பங்குனியிலும் விற்பவர் ஆனியிலும் பேசுவது அவரவருக்கு நல்லது.

புது வண்டி எடுக்கும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷோரூமில் பழைய வண்டிக்குத் தாராளமான விலை சொல்வார்கள். அந்தத் தாராளம் புது வண்டிக்குத் தர வேண்டிய தள்ளுபடியிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும். எக்ஸ்சேஞ்ச் பேச்சையே எடுக்காமல் முதலில் புது வண்டியின் கடைசி விலையை வாங்கிவிட்டு, பிறகு பழைய வண்டியைப் பற்றிப் பேசினால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

ரோட்டவேட்டர், ஐந்து கொத்துக் கலப்பை, டிரெய்லர் ஆகியவற்றை வண்டியோடு சேர்த்து ஒரே விலையாகச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள். ரோட்டவேட்டரின் கத்திகள் தேய்ந்து போகிற சரக்கு; கியர் பெட்டியில் ஆயில் ஒழுகலும் பக்கவாட்டு பேரிங்கின் ஆட்டமும்தான் அதன் விலையை முடிவு செய்யும். கலப்பை இரும்பு விலைக்குச் சற்று மேல்.

மற்ற வண்டிகளோடு ஒப்பிட்டால், விஎஸ்டி சக்தியின் எம்டி 180டி 18.5 குதிரைத்திறனும் மூன்று சிலிண்டரும் உடையது. ஓட்டுவதற்கு அதிர்வு குறைவு, நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் இடுப்பு தாங்கும். லிஃப்ட் 500 கிலோதான். உழவுக்கும் மருந்து தெளிப்புக்கும் அதுவே எனக்குப் பிடித்த வண்டி. ஆனால் எஞ்சின் வேலை வந்துவிட்ட பழைய வண்டியாக வாங்குவதென்றால் யுவராஜைவிடத் தயங்குவேன். குபோட்டா நியோஸ்டார் பி2441 வேறு வகுப்பு. 24 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை, ஈரத்தில் வழுக்காது. பழையதாகவும் விலை இறங்காமல் நிற்கிறது. ஈரத் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் வேலை உள்ளவருக்கு அந்தக் கூடுதல் விலை தகும். நான்கு ஏக்கர் புன்செய்த் தோப்புக்கு அது தேவைக்கு மேல்.

வண்டி பிடித்துப்போய்க் கைகொடுப்பதற்கு முன் ஆவணங்களைப் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்களோடு, துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால் பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்பது தெரியும். டிராக்டருக்குப் பதிவு 15 ஆண்டு. அதை நெருங்கிவிட்ட வண்டி என்றால் படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்கும் செலவும் அலைச்சலும் வாங்குபவர் தலையில் விழும், விலையில் அதைக் கழிக்க வேண்டும். கடன் ஆர்.சி.யில் எச்.பி. என்று பதிவாகியிருந்தால், கடன் அடைத்துவிட்டேன் என்ற வாய்ச்சொல் போதாது. வங்கியோ நிதி நிறுவனமோ கையெழுத்திட்ட படிவம் 35 கையில் வர வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு என்பதையும், அது பல இடங்களில் செய்யப்படாமலே இருப்பதையும் மறக்க வேண்டாம். அரசு மானியத்தில் வாங்கிய வண்டியா என்று கேட்டு, ஆமென்றால், கைமாற்ற நிபந்தனை ஏதும் உண்டா என்பதை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டையும் 14 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். இதில் வாங்கியவரைவிட விற்றவருக்கே ஆபத்து அதிகம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவது எங்கள் பகுதியில் இன்னும் நடக்கிறது. வாங்குபவர் தம் பங்குக்கு, விலையில் ஒரு பத்தாயிரத்தையாவது நிறுத்தி வைத்து, ஆர்.சி. தம் பெயரில் வந்த பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளலாம். நேர்மையாக விற்பவர் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை, ஏனென்றால் பெயர் மாறுவது அவருக்கும் வேண்டிய காரியம்.